தில்லி டீச்சர் பதில்கள்: செனோபியா யார்?

என் மகள் இங்கே கல்லூரியில் ஸ்பானிய மொழி படிக்கிறாள். தாகூரை ஸ்பெயின்காரர்களுக்குப் படிக்கக் கொடுத்தவர் செனோபியா என்ற பெண் என்கிறாள். தேடினால் எல்லா இடத்திலும் ‘நோபல் கவிஞரின் மனைவி’ என்றுதான் வருகிறது. அவர் சொந்தமாக என்னதான் செய்தார், டீச்சர்?
வாசகி, மயூர் விஹார்

நிறையச் செய்தார். இப்படிக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

செனோபியா காம்ப்ரூபி 1887இல் பார்சலோனா பக்கம் மல்கிராத் தெ மார் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். அம்மா போர்ட்டோ ரிக்கோக்காரர், அமெரிக்க வழி வந்தவர் என்பதால் சிறு வயதிலேயே ஆங்கிலம் சரளம். அந்த ஆங்கிலத்தை வைத்துத்தான் தாகூரைப் படித்தார். தாகூரின் ‘பிறைநிலா’ கவிதைகள் 1915இல் அவர் மொழிபெயர்ப்பில் ஸ்பானிய மொழியில் வந்தன. பிற்பாடு நோபல் வாங்கிய கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமேனெஸ் அவருடன் உட்கார்ந்து நடையைச் செப்பனிட்டார். அடுத்த வருஷம் நியூயார்க்கில் இருவருக்கும் கல்யாணம். அப்புறம் தாகூரின் புத்தகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

‘பிறைநிலா’ தொகுப்பில் ஒரு காகிதக் கப்பல் கவிதை உண்டு. ஒரு குழந்தை கப்பல் செய்து, கறுப்பு எழுத்தில் பெரிதாகத் தன் பெயரையும் ஊரையும் எழுதி ஓடையில் விடுகிறது. முன்பின் தெரியாத தேசத்தில் யாராவது எடுத்துப் பார்த்து, தான் யார் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று ஆசை. வகுப்பில் இதை ஸ்பானிய மொழியில் வாசிக்கச் சொல்வேன். இலக்கணத்தில் தடுமாறுகிற பிள்ளைகள்கூட இதில் தடுமாறுவதில்லை. உங்கள் மகளையும் சத்தம்போட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

மேடம், நான் படித்தவரையில் அந்த அம்மாள் கணவருக்காகத் தன் எழுத்தை விட்டுக்கொடுத்தவர். தியாகத்தைப் பெரிதுபடுத்திப் பேசலாமா?
வாசகர், கரோல் பாக்

தியாகம் என்ற ஒரு சொல்லில் அவரை அடக்கிவிடாதீர்கள், ஐயா. ஹுவான் ரமோனுக்கு மனச்சோர்வு அடிக்கடி வரும். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்கும் போயிருக்கிறது. குடும்பம் நடக்கப் பணம் வேண்டுமே! மாட்ரிட்டில் செனோபியா வீடுகளை எடுத்து, மேஜை நாற்காலி போட்டு, வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட்டார். நாட்டுப்புறக் கைவினைப் பொருட்களுக்கு ஒரு கடையும் நடத்தினார். 1936இல் உள்நாட்டுப் போர் வந்தது. இருவரும் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். கியூபா, ஃபுளோரிடா, பிறகு வாஷிங்டன் பக்கம். செனோபியா அதற்குப் பிறகு ஸ்பெயினில் குடியிருக்கவே இல்லை.

1940களில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய ஆசிரியையாகச் சேர்ந்தார். ஐம்பதை நெருங்கும்போது நாட்டை இழந்தவர், அதற்கும் பிறகு வேற்று நாட்டில் பாடம் தயாரித்து, தாள் திருத்தி, சம்பளம் வாங்கினார். வீட்டுக்கு வந்தால் கணவரின் கையெழுத்துப் பிரதிகளை டைப் அடிக்கிற வேலை காத்திருக்கும். வகுப்பெடுத்துவிட்டு வந்து அடுப்படியில் நிற்கிற ஆசிரியைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுத்தையும் அவர் விடவில்லை. கியூபாவில் 1937இல் தொடங்கிய நாட்குறிப்பைக் கடைசிக் காலம்வரை எழுதினார். கியூபாப் பகுதியில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். அவர் காலத்துக்குப் பிறகு அது மூன்று தொகுதிகளாக அச்சானது. கையிருப்புப் பணம், வந்த கடிதம், உடம்பு வலி, யாரையும் பார்க்க வரமாட்டேன் என்கிற கணவர் மீது எரிச்சல், எல்லாம் அதில் உண்டு. என்னைக் கேட்டால், புலம்பெயர்ந்த வாழ்வின் தினசரிக் கணக்கை இவ்வளவு நேர்மையாக எழுதியவர்கள் குறைவு. இதை இலக்கியமாகவே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புற்றுநோய் அவரை விடவில்லை. 1951இல் பாஸ்டனில் அறுவை சிகிச்சை. அதே வருஷம் போர்ட்டோ ரிக்கோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1956 அக்டோபர் 25 அன்று கணவருக்கு நோபல் அறிவிப்பு. 28ஆம் தேதி செனோபியா இறந்துபோனார். ஹுவான் ரமோன் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போகவில்லை. அவர் கொடுத்தனுப்பிய செய்தி விழாவில் வாசிக்கப்பட்டது: இந்தப் பரிசை உண்மையில் வென்றவர் என் மனைவி செனோபியாதான் என்று.

மேரிலாண்டில் மொழித்துறைக் கட்டடத்துக்கு ஹிமேனெஸ் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே செனோபியாவும்தானே பாடம் நடத்தினார்? எனக்கு அது வருத்தம்தான். போர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழக நூலகத்தில் இருவர் பெயரிலும் ஓர் அறை இருக்கிறது, செனோபியா பெயர் முதலில்.

தமிழ் மட்டும் படித்தவள் நான், வயது 47. தில்லியில் ஸ்பானிய மொழி கற்க முடியுமா, அக்கா?
வாசகி, ஆர். கே. புரம்

தாராளமாக. கன்னாட் பிளேஸ் பக்கம் ஹனுமான் ரோட்டில் ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிலையம் இருக்கிறது. ராஜீவ் சௌக் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். ஏ1 என்கிற ஆரம்ப நிலையிலிருந்து சொல்லித்தருகிறார்கள். பட்டப் படிப்பு வேண்டுமானால் ஜேஎன்யு. ஆனால் உங்களுக்கு முதலில் ஏ1 போதும். அடுத்த வகுப்பு எப்போது தொடங்குகிறது, கட்டணம் எவ்வளவு என்று நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், தங்கச்சி.