மகரந்தக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செல்போன் செயலியில் சென்னைக்கு 'புல் மகரந்தம்: மிதம்' என்று தினமும் வருகிறது. யார் எண்ணுகிறார்கள்?

யாரும் எண்ணவில்லை. பெரும்பாலான செயலிகள் தாவரப் பரப்பு, வானிலை, பூக்கும் காலம் ஆகியவற்றை வைத்துக் கணிக்கின்றன. பருவம் தொடங்குவதை அறிய உதவும். அதைப் பார்த்து இன்ஹேலரைக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

காற்றுத் தரக் குறியீடு நன்றாக இருந்தும் தும்மல் நிற்கவில்லையே?

அந்தக் குறியீட்டுக்கான கருவி தூசியில் அளப்பது 10 மைக்ரானுக்கு உட்பட்டதை. மகரந்தத் துகள்களில் பெரும்பாலானவை அதைவிடப் பெரியவை. கருவியின் வாசலிலேயே கழிந்துபோகும்.

மொட்டை மாடியில் வாசலின் தடவிய ஸ்லைடு வைத்தோம். ஒரு நாளில் 85 துகள். இது அதிகமா?

எந்தப் பரப்பில் 85? எந்தச் செடி? ஒன்றுமே எழுதவில்லை. அலகு இல்லாத எண்ணை அனுப்பாதீர்கள் என்று முன்பும் சொல்லியிருக்கிறேன். ஸ்லைடில் தானாக விழுவதைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை என்றுதான் சொல்ல முடியும். கன மீட்டர் காற்றுக்கு மாற்ற முடியாது. கனமான துகள் சீக்கிரம் விழும், லேசானது பறந்துபோகும்.

எங்கள் கல்லூரி பர்க்கார்டு பொறியில் (காற்றை பம்பால் உறிஞ்சி, ஒட்டும் நாடாவில் துகள் பிடிக்கும் கருவி) சென்ற ஆண்டைவிடப் புல் மகரந்தம் ஒன்றரை மடங்கு. காலநிலை மாற்றம் என்று கட்டுரை எழுதலாமா?

எழுதாதீர்கள். முதலில் சொல்லுங்கள், பம்பின் உறிஞ்சலைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்? கடிதத்தில் அது இல்லை. நிமிடத்துக்கு 10 லிட்டர், ஒரு நாளைக்கு 14 கன மீட்டர் சொச்சம் என்பதை வைத்துத்தான் கணக்கு மொத்தமும் நிற்கிறது. பம்ப் 7 லிட்டர்தான் இழுத்து, நீங்கள் 10 என்று போட்டால், இருப்பதில் சுமார் முப்பது சதவீதம் காணாமல் போகும். அடுத்த ஆண்டு யாராவது பம்பைச் சரிசெய்தால் எண்ணிக்கை தானாக 1.4 மடங்கு ஆகிவிடும். செடி ஒன்றும் செய்திருக்காது. நான் முன்பு வேலை பார்த்த ஆய்வகத்தில் இப்படித்தான் ஓராண்டுத் தரவை முழுதாகத் தூக்கிப் போட்டோம். இன்றும் மனசு ஆறவில்லை. இதில் இன்னொரு சிக்கல், உறிஞ்சலை அளக்கும், மிதவை வைத்த ஃப்ளோமீட்டரே காற்றைக் கொஞ்சம் மறிக்கும். அதை எடுத்ததும் உறிஞ்சல் கூடிவிடும். தடை குறைந்த மீட்டர் வாங்குங்கள், வாரா வாரம் நாடா மாற்றும்போது அளந்து நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம், ஒரு நாள் நாடாவை ஒட்டிய ஸ்லைடில் எவ்வளவு பரப்பைப் பார்த்தீர்கள்? பத்தில் ஒரு பங்காவது பார்க்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தர விதி. அப்படிப் பார்த்து 3 துகள் கிடைத்தால் கன மீட்டருக்குச் சுமார் 2. அதில் பிழையே அறுபது சதவீதம். 100 துகள் எண்ணினால் பிழை பத்து சதவீதமாக இறங்கும். இரண்டு ஆண்டும் எண்ணியவர் ஒருவர்தானா என்பதையும் எழுதுங்கள்.

டொராண்டோ எண்ணும் லண்டன் எண்ணும் ஒப்பிடலாமா?

கூடாது. கனடாவில் பரவலாக இருப்பது, ஒட்டும் கோலைச் சுழற்றித் துகள் பிடிக்கும் சுழல்கோல் கருவி. விட்டு விட்டு ஓடும். லண்டனில் நாள் முழுக்க உறிஞ்சும் பொறி. அந்தந்த ஊரின் எண்ணை அந்தந்த ஊரின் பழைய எண்ணோடு மட்டும் பாருங்கள்.

மெல்பர்னில் இருக்கிறேன். எண்ணிக்கை குறைவு என்றால் இடிமழை நாளில் வெளியே போகலாமா?

ஆஸ்துமாவோ வசந்தகாலத் தும்மலோ இருந்தால் வேண்டாம். எண்ணிக்கை முழுத் துகளுக்கு மட்டும்தான். 2016 நவம்பர் 21 அன்று அங்கே ரைகிராஸ் என்ற புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து, நுரையீரலுக்குள் போகும் அளவுக்குப் பொடியானது. ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அரசு தரும் இடிமழை ஆஸ்துமா எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். இன்ஹேலர் கையில் இருக்கட்டும்.

தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டனவே, மைக்ராஸ்கோப் இனி எதற்கு?

பவேரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அவை நன்றாக ஓடுகின்றன. மணிக்கொரு முறைகூட எண் தருகின்றன. ஆனால் அவை படித்தது அங்குள்ள மரங்களை. நம் சீமைக்கருவேலையும் பார்த்தீனியத்தையும் ஒருவர் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து அடையாளம் காட்டினால்தான் அது கற்கும்.