காலின்சன்: 1957-ஆ, 1967-ஆ?

வரலாற்றாசிரியர் காலின்சனின் ஆய்வுக்கு எந்த ஆண்டைக் குறிப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரி. நீங்கள் பார்த்தவை இரண்டு வேறு படைப்புகள். 1957 என்பது பேட்ரிக் காலின்சன் லண்டன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஜே. ஈ. நீலின் மேற்பார்வையில் முடித்த முனைவர் பட்ட ஆய்வேடு. 1967 என்பது 'தி எலிசபெத்தன் பியூரிட்டன் மூவ்மெண்ட்' நூல் வெளிவந்த ஆண்டு. முதலாம் எலிசபெத் காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் சீர்திருத்த முயன்ற பியூரிட்டன்களைப் பற்றியது அது.

பத்து வருட இடைவெளிதான் உங்களைக் குழப்பியிருக்கும். ஆய்வேடு முடிந்த சமயத்தில் அவர் சூடானில், கார்ட்டூம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1961-இல்தான் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். பாடம் நடத்திக்கொண்டே இத்தனையும் எழுதிய அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

நூலகப் பட்டியலில் தலைப்பைப் பாருங்கள். 'கிளாசிக்கல்' என்ற சொல் இருந்தால் அது ஆய்வேடு. இங்கே அதற்குச் செவ்வியல் என்று பொருள் இல்லை, பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். 'கிளாசிஸ்' என்றால் ஒரு வட்டாரத்துப் போதகர்கள் கூடிப் பேசும் அவை. இங்கிலாந்தின் எசெக்ஸில் டெடம் ஊரைச் சுற்றியிருந்த போதகர்கள் 1582 முதல் 1589 வரை இப்படி ரகசியமாகக் கூடினார்கள். காலின்சனின் ஆய்வுக்கு இத்தகைய கூட்டங்கள்தான் உயிர்.

அப்புறம் ஒன்று: நூலின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு ஆய்வேட்டின் ஆண்டைப் போட்டுவிடாதீர்கள். மறுபதிப்பு கையில் இருந்தால், தலைப்புப் பக்கத்தின் பின்புறம் முதல் பதிப்பின் ஆண்டு இருக்கும். அதையும் சேர்த்துக் கொடுங்கள்.