கிர்கிஸ்தானில் பெரும்பாலும் நீர்மின்சாரம்தானே, பிறகு ஏன் குளிர்காலத்தில் தலைநகர் பிஷ்கெக் காற்று இவ்வளவு மோசம்?

இதைக் கேட்பவர் அநேகமாகப் பிள்ளையை அங்கே எம்.பி.பி.எஸ். சேர்க்க யோசிக்கிற பெற்றோராக இருப்பீர்கள். நான் எரிசக்தி நிபுணன் இல்லை. அங்கே படித்து, அந்தப் புகையைச் சுவாசித்தவன், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் கணக்கு சரி. அந்நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் நீர்மின்சாரம். நரின் ஆற்றில் வரிசையாக அணைகள். பெரியது 1,200 மெகாவாட் திறனில் கட்டிய டொக்டோகுல். ஆனால் விளக்கு எரிவது வேறு, வீடு சூடாவது வேறு. பிஷ்கெக் அடுக்குமாடிகளுக்குக் குழாயில் வெந்நீர் அனுப்புவது 1961-ல் தொடங்கிய அனல்மின் நிலையம். அதற்குத் தீனி முக்கியமாக நிலக்கரி. அந்தக் குழாய் எட்டாத புறநகர் வீடுகளில் ஆளுக்கொரு கரி அடுப்பு.

விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நாங்கள் சில பேர் அப்படியொரு புறநகர் வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். வீட்டுக்கார அம்மாவை எஜே என்று கூப்பிடுவோம். அக்டோபரில் லாரியில் கரி வந்து இறங்கும், பாதிக்குப் பாதி தூள். எஜே அதை வீணாக்க மாட்டார். பழைய வாளியில் போட்டுத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, எரிகிற கட்டிகளின் மேல் சின்ன மண்வாரியால் அப்புவார். புகைபோக்கியிலிருந்து மஞ்சளாகக் கெட்டிப் புகை கிளம்பும். சாயங்காலம் தெரு முழுக்க இதே வேலைதான். காற்றும் அசையாத நாட்களில் அந்தப் புகை எங்கே போகும்? தெற்கே அவ்வளவு பெரிய அலா-தூ மலைத்தொடர், காலையில் பார்த்தால் இருந்த இடமே தெரியாது. கொடியில் காய்ந்த வெள்ளைக் கோட்டில் கந்தக வாடையோடுதான் வகுப்புக்குப் போவோம்.

‘கரண்ட் மலிவுதானே, ஹீட்டர் போடலாமே’ என்பீர்கள். மலிவுதான். மாதம் 700 யூனிட் வரை யூனிட்டுக்கு 77 தியின் (நூறு தியின் அந்நாட்டு நாணயத்தில் ஒரு சோம்) என்று பல வருஷம் இருந்தது, நம் காசில் ஒரு ரூபாய்கூட இல்லை. பிறகு ஏற்றினார்கள். விலை அப்படியிருந்தால் எல்லோரும் போடத்தானே செய்வார்கள்? இரவு எட்டு மணிக்கு வோல்டேஜ் விழுந்து ஹீட்டர் கம்பி சிவக்கவே சிவக்காது. ஒருமுறை தெரு டிரான்ஸ்ஃபார்மரே எரிந்து போனது. அன்று காப்பாற்றியது எஜேயின் கரி அடுப்புதான்.

அணைத் தண்ணீருக்கும் ஒரு கதை உண்டு. சோவியத் காலத்தில் கோடையில் தண்ணீரைக் கீழே உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் வயல்களுக்கு விடுவார்கள். பதிலுக்குக் குளிர்காலத்துக்கு அங்கிருந்து எரிவாயுவும் நிலக்கரியும் வரும். 1991-க்குப் பிறகு அந்தக் கொடுக்கல் வாங்கல் கலைந்தது. கிர்கிஸ்தான்காரர்கள் குளிர்காலத்திலேயே தண்ணீரைத் திறந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். அதுவும் போதாமல் இப்போது குளிர்காலத்தில் அக்கம்பக்கத்து நாடுகளிடம் வாங்குகிறார்கள். 2023 ஆகஸ்டில் தொடங்கி 2026 கடைசி வரை எரிசக்தித் துறைக்கு நெருக்கடி நிலையே அறிவித்தார்கள் என்றால் பாருங்கள். அந்த அனல்மின் நிலையத்தைச் சீனக் கடன் 38.6 கோடி டாலரில் புதுப்பித்து 2017-ல் திறந்தார்கள். 2018 ஜனவரியில், மைனஸ் 20-க்கும் கீழே போன குளிரில் அது பழுதாகி நகரமே நடுங்கியது. புதுப்பித்ததில் ஊழல் என்ற வழக்கு முன்னாள் பிரதமர் வரை போனது.

உடனே ‘டெல்லி மட்டும் என்ன யோக்கியமா’ என்று யாராவது கிளம்புவார்கள். நான் ஒப்பிட வரவில்லை. எஜேயைக் குறை சொல்லவும் இல்லை. கஜகஸ்தான் வெளியிடும் கரியமில வாயுவுக்கு முன்னால் கிர்கிஸ்தானுடையது ஒன்றுமே இல்லை. ஊர்க்காரன் நுரையீரலுக்கு அந்தக் கணக்கு தெரியாது, அதுதான் சிக்கல்.

என் கோபமெல்லாம் இங்கே உட்கார்ந்து ஆள் பிடிக்கிற ஏஜென்ட்கள் மேல்தான். எங்களைச் சேர்த்தவர் ‘ஹீட்டிங் சார்ஜ்’ என்று தனியாக ஒரு தொகை வாங்கினார். அது எந்த அடுப்பில் எரிந்ததோ தெரியாது. ஊருக்கு வந்தாலோ, ‘ஓ, கிர்கிஸ்தான் டாக்டரா’ என்று ஒரு இழுப்பு. தகுதித் தேர்வு எழுதித் தேறித்தானே வந்திருக்கிறோம்?

சரி, பிள்ளையை அனுப்புவதானால் ஏஜென்ட் காட்டும் ஜூன் மாதத்து மலைப் படத்தை நம்பாதீர்கள். அங்கே படிக்கிற சீனியர் யாரிடமாவது ஜனவரியில் ஜன்னலிலிருந்து எடுத்த படம் கேளுங்கள். குழாய் வெந்நீர் வருகிற அடுக்குமாடியாகப் பார்த்து வீடு எடுக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா இருக்கிற பிள்ளையென்றால் வேறு ஊர் பாருங்கள்.