எழுபது வயதுப் பூங்காவும் ஒரு பெஞ்சும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. சொந்த ஊர் திருச்சி. இப்போது கலிபோர்னியாவில், இர்வைனில் இருக்கிறோம்.

அப்பாவுக்கு 2025இல் எழுபது. பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருக்கடையூரில் பீமரத சாந்தியை முடித்துவிட்டு, அப்பா அம்மா இருவரையும் இங்கே அழைத்து வந்தேன். பேத்தியின் பிடிவாதத்தால் ஆகஸ்டில் ஒருநாள் டிஸ்னிலேண்ட் போனோம்.

உள்ளே நுழைந்ததிலிருந்து எங்கே திரும்பினாலும் 70. கொடியில் 70, பாப்கார்ன் டப்பாவில் 70, டி-ஷர்ட்டில் 70. டிக்கெட் விலையை அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கிருந்தே நடக்க ஆரம்பித்திருப்பார். ராட்டினம் எதிலும் ஏறமாட்டேன் என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கும் நம்ம வயசுதானா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்ஜினுக்கு ஏதுடா பொறந்தநாளு? பி.ஓ.எச். தான்" என்றார். அது அவருடைய ஒர்க்ஷாப் பேச்சு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இன்ஜினை முழுக்கப் பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி மாட்டி அனுப்புவதை அப்படிச் சொல்வார்கள்.

எனக்கு அன்றைக்கு முழுக்க எரிச்சல். மனிதன் எழுபதைத் தொடுவது ஒரு பேறு. ஒரு கம்பெனி எழுபதைத் தொட்டால் அதில் கொண்டாட என்ன இருக்கிறது? நம் பையில் கைவிட இன்னொரு சாக்கு, அவ்வளவுதானே? போன மாதம் ஒரு கிராமத்துப் பள்ளியின் நூற்றாண்டு விழாவைப் பாராட்டி எழுதினீர்கள். அந்த மரியாதையை ஒரு தீம் பார்க்குக்கும் கொடுப்பீர்களா?

அன்புடன்,
ச.


அன்புள்ள ச.,

முதலில் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்கு அவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பதில் சொல்லிவிட்டார். எரிச்சலில் நீங்கள்தான் அதைக் கவனிக்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

நான் டிஸ்னிலேண்டுக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், 2005 இலையுதிர்காலத்தில், மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தபோது. அது பொன்விழா வருடம். கோட்டைக் கோபுரங்களில் தங்கக் கிரீடம் வைத்திருந்தார்கள். திறந்த காலத்திலிருந்து ஓடும் பழைய ராட்டினங்கள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் தங்க நிறம் பூசியிருந்தார்கள். அதில் ஏறவேண்டும் என்பதற்காகவே, முறை வந்தும் பின்னால் நிற்பவர்களை முன்னே அனுப்பிவிட்டு ஓரமாக நின்ற ஒரு நடுவயதுக்காரரைப் பார்த்தேன். கையில் குழந்தைகூட இல்லை. அன்றைக்கு எனக்கும் உங்களைப் போலத்தான் தோன்றியது. பெயின்ட் டப்பா ஒன்றை வைத்து என்ன வேலை காட்டுகிறார்கள் என்று மைத்துனரிடம் சிரித்தேன்.

அந்தப் பெயின்டுக்குப் பின்னால் இருந்த கதை பிறகுதான் தெரிந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்தே அந்தப் பூங்காவில் பராமரிப்புச் செலவைச் சுருக்குகிறார்கள் என்று அடிக்கடி வருகிறவர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். சாயம் உரிந்தது, பலகை உளுத்தது, விளக்குகள் எரியவில்லை. 2003 செப்டம்பர் 5ஆம் தேதி பிக் தண்டர் மவுன்டன் என்ற ரோலர் கோஸ்டர் தடம் புரண்டு 22 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். பராமரிப்பு சரியில்லை என்று மாநில அரசின் விசாரணை சொன்னது. அந்த ஆண்டுக் கடைசியில் மேட் விமெட் என்பவர் புதிய தலைவராக வந்தார். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு முன்னால் பூங்காவைச் சுரண்டித் தேய்த்துப் புதுச்சாயம் பூசினார்கள். 1977இல் திறந்த ஸ்பேஸ் மவுன்டனை 2003இல் மூடி, தண்டவாளத்தையே முழுக்க மாற்றி, 2005 ஜூலை 15 அன்று திறந்தார்கள். பிறந்தநாளுக்குச் சரியாக இரண்டு நாள் இருந்தது.

ஐம்பது என்ற எண் காலண்டரில் இல்லையென்றால் இது நடந்திருக்குமா? ஏதோ ஒரு நாள் நடந்திருக்கும். ஆனால் நிர்வாகங்களின் சுபாவம் நமக்குத் தெரியாததா? ஒழுகும் கூரைக்குப் பணம் கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். விழாவுக்கு ஊரே வரப்போகிறது என்றால் மறுநாளே சாரம் கட்டுவார்கள். நம் கோவில்களில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் வைத்திருப்பதில் அந்தச் சூட்சுமம் இருக்கிறது. கலசத்தில் நீர் ஊற்றுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் திருப்பணி நடக்கும். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவதும், தளத்தில் ஒழுக்கை அடைப்பதும், கதவுக்குக் கீல் மாற்றுவதும் அப்போதுதான். அப்பா சொல்லும் பி.ஓ.எச்.சும் அதுதானே? அது ஒர்க்ஷாப் மொழி, இது கோவில் மொழி.

ஆகவே கொண்டாடலாமா என்று என்னைக் கேட்டால், தாராளமாக என்பேன். அதற்கு முன்னால் பிரித்து மாட்டினார்களா என்று மட்டும் பார்ப்பேன்.

டிஸ்னிலேண்ட் பிறந்த கதையே கொஞ்சம் கந்தரகோளம்தான். 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. அனஹைமில் ஆரஞ்சுத் தோப்பாக இருந்த இடத்தில் ஒரே வருடத்தில் அவசர அவசரமாகக் கட்டி முடித்தது. அன்றைக்கு அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. கள்ள டிக்கெட் அடித்தும் வேலி ஏறிக் குதித்தும் கூட்டம் 28,000ஐத் தொட்டது. வெயிலில் புதிய தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. பிளம்பர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்ததால் கழிப்பறை, குடிநீர்க் குழாய் இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை. பூங்காவை உருவாக்கிய வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். (சரியான முடிவு. நான்கு கல்யாணம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்.) இவ்வளவும் டிவியில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்றே உள்ளே இருந்தவர்கள் பிறகு குறிப்பிட்டார்கள். அதைத்தான் இன்று பலூன் கட்டிக் கொண்டாடுகிறார்கள்.

பத்தாவது வருடம், 1965. வால்ட் அப்போது உயிரோடிருந்தார். அந்த விருந்தில் ஊழியர்களிடம், இதுவரை நடந்தது ஒத்திகை மாதிரிதான், சாதித்துவிட்டோம் என்று யாரும் சாய்ந்து உட்காராதீர்கள் என்ற பொருளில் பேசினார். அந்த விழாவை ஒட்டித்தான், எழுந்து நின்று பேசும் ஆபிரகாம் லிங்கன் இயந்திர பொம்மை அங்கே வந்தது. முந்தைய வருடம் நியூயார்க் உலகக் கண்காட்சியில் கூட்டத்தை வாய் பிளக்க வைத்த பொம்மை அது. விழா முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் அந்த அரங்கில் நின்றது. இப்போது எழுபதாவது வருடத்துக்காக, அதே அரங்கில் லிங்கனுக்குத் தற்காலிகமாக ஓய்வு கொடுத்துவிட்டு வால்ட்டையே பொம்மையாக்கி 2025 ஜூலை 17 அன்று நிறுத்தியிருக்கிறார்கள். வால்ட்டின் பேத்தி ஒருவர், தாத்தாவை இயந்திரமாக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். எனக்கும் அதைக் கேட்டபோது உறுத்தியது. முச்சந்திக்கு முச்சந்தி சிலை வைக்கும் ஊர்க்காரன் இதைப் பற்றி அதிகம் பேசக் கூடாது என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் எரிச்சல் முழுக்க நியாயமாகும் இடங்களும் உண்டு. ஃப்ளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு 1996இல் வெள்ளி விழா. 189 அடி உயர சிண்ட்ரெல்லா கோட்டைக்கு ரோஸ் சாயம் பூசி, பெரிய பெரிய மிட்டாய்களையும் மெழுகுவர்த்திகளையும் ஒட்டி, பிறந்தநாள் கேக் ஆக்கிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக அப்படியே நின்றது. சேமித்து வைத்து வாழ்நாளில் ஒருமுறை வருகிற குடும்பத்தின் ஆல்பத்தில் கோட்டை இருக்காது, கேக்தான் இருக்கும். பழைய சுதைச் சிற்பங்களின் மேல் கண்ணைக் குத்தும் எனாமல் அடித்துவிட்டு அதற்கும் திருப்பணி என்று பெயர் வைப்பவர்களை நமக்குத் தெரியும். அந்தச் சாதிதான் இதுவும்.

அதே இடத்தின் ஐம்பதாவது வருடக் கொண்டாட்டம் 2021 அக்டோபரில் தொடங்கி 2023 மார்ச் 31 வரை நீண்டது. அதற்காகவென்று 2017இலேயே அறிவித்த ட்ரான் என்ற ரோலர் கோஸ்டர், கொரோனாவெல்லாம் குறுக்கே வந்து, கடைசியில் திறந்தது 2023 ஏப்ரல் 4. தலைதீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த சட்டை பொங்கலுக்கு வந்த கதை. விழாவுக்கென்று செய்த வாணவேடிக்கைக் காட்சியை எடுத்துவிட்டு, அதற்கு முன்னால் இருந்த பழைய காட்சியையே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் ட்ரான் இன்றும் ஓடுகிறது. தாமதமாக வந்ததை யாரும் இப்போது நினைப்பதில்லை.

சரி, கொண்டாடாமலே விட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஃப்ளோரிடாவிலேயே எப்காட் என்று இன்னொரு பூங்கா, 1982 அக்டோபர் 1 திறந்தது. 2007இல் அதற்கு இருபத்தைந்து. நிர்வாகம் பெரிதாக எதுவும் திட்டமிடவில்லை. சின்ன வயதில் அங்கே போய், எதிர்காலம் இப்படித்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் தாங்களாகவே கூடி, அந்த நாளில் அங்கே போய் நிற்பது என்று முடிவு செய்தார்கள். ஆட்கள் சேரச் சேர நிர்வாகமும் விழித்துக்கொண்டது. கடைசி நேரத்தில் பழைய படங்களையும் பொருட்களையும் வைத்து ஒரு கண்காட்சி போட்டார்கள். எப்காட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்ட்டி ஸ்க்லார் வந்து ரசிகர்களிடம் பேசினார்.

அந்தப் பூங்காவின் முகமே ஒரு மாபெரும் வெள்ளி உருண்டைதான். 2000ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்காக அதன் பக்கத்தில், உருண்டையைவிட உயரமாக, மந்திரக்கோல் பிடித்த மிக்கி கை ஒன்றை நட்டிருந்தார்கள். அந்த விழா முடிந்து ஆறு வருடத்துக்கு மேலாகியும் அது அங்கேயே நின்றது. கல்யாணம் முடிந்து வருடக்கணக்காகியும் அவிழ்க்காத பந்தல் மாதிரி. இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்குள் அதைக் கழற்றி எடுத்தார்கள். எப்காட்டின் வெள்ளி விழாவுக்குக் கிடைத்த நல்ல பரிசு அதுதான் என்று நினைக்கிறேன்.

பள்ளி விழாவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இங்கேதான் வருகிறேன். பள்ளியும் தீம் பார்க்கும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று எழுத்தறிவித்தது, இன்னொன்று பாப்கார்ன் விற்றது. ஆனால் எப்காட் வாசலில் கூடியவர்களுக்கு யாரும் அழைப்பிதழ் அனுப்பவில்லை. சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். தன் எட்டு வயது எந்த இடத்தில் நின்றதோ அங்கே போய் மறுபடி நிற்க வேண்டும் என்பது பள்ளி மைதானத்துக்கு வந்த பழைய மாணவர்களுக்கும் இருந்தது, இவர்களுக்கும் இருந்தது. 2005இல் தங்க வண்டிக்குக் காத்து நின்ற அந்த மனிதரைப் பார்த்து நான் சிரித்தது தப்பு.

டிக்கெட் விலையைப் பொறுத்தவரை உங்களோடு சண்டை இல்லை. 1955இல் பெரியவர்களுக்கு நுழைவுச் சீட்டு ஒரு டாலர். ராட்டினத்துக்குத் தனிக் காசு என்றாலும்கூட, ஒரு டாலர். நீங்கள் போன கோடையில் கூட்டமான நாட்களுக்கு 206 டாலர். விழா இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடா வருடம் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதனால் எழுபதைக் குறை சொல்லிப் பயனில்லை. பாப்கார்ன் டப்பாவை வாங்காமல் வரலாம். பேத்தி விட்டிருக்க மாட்டாள், தெரியும்.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த முதல் வருத்தத்தைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. பொன்மலை ஃபிட்டரை டிஸ்னிலேண்டுக்கு அழைத்துப்போய் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறீர்களே! அங்கே பூங்காவைச் சுற்றி ஓடும் ரயிலை அவருக்கு யாரும் காட்டவில்லையா? பார்த்தால் குழந்தைகள் ரயில் மாதிரி இருக்கும். ஆனால் இழுப்பது நிஜமான நீராவி இன்ஜின்கள். முதல் இரண்டும் பூங்கா திறந்த நாளிலிருந்து ஓடுகின்றன. 1958இல் சேர்ந்த மூன்றாம் எண் இன்ஜினுக்குப் பெயர் ஃப்ரெட் கெர்லி. 1894இல் பால்ட்வின் கம்பெனி செய்தது, லூசியானாவில் கரும்பு இழுத்துக்கொண்டிருந்த இன்ஜின். பூங்காவைவிட, அப்பாவைவிட, அறுபத்தொரு வயது மூத்தது. பல வருடங்களாக இவை ஓடுவது பயோடீசலில், அதுவும் அங்குள்ள உணவகங்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து செய்தது. இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், அடுப்படி எண்ணெயில் எப்படி ஸ்டீம் கட்டுகிறார்கள் என்று அரை மணி நேரம் கேள்வி வரும்.

அவர் ஊர் திரும்புவதற்குள் இன்னொரு தடவை போங்கள், வாரநாளாகப் பார்த்து. மெயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் முதலில் வரும் வண்டியில் ஏறிவிடாதீர்கள். மூன்றாம் எண் வரும்வரை மற்றவர்களை முன்னே விட்டுக்கொண்டே இருங்கள். அன்றைக்கென்று பார்த்து அது பழுதுபார்ப்பில் இருந்தால், பி.ஓ.எச்.சுக்குப் போயிருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.