குரோ டென்ட்டில் பூ உதிர்கிறது, சுவரில் நீர் கோக்கிறது: பெரிய ஃபேன் வாங்கலாமா?

கேள்வி: 4×4 அடி, ஆறரை அடி உயர குரோ டென்ட்டில் (வீட்டுக்குள் விளக்கு வைத்துச் செடி வளர்க்கும் மூடிய கூடாரம்) குடைமிளகாய் வளர்க்கிறேன். 240 வாட் எல்இடி விளக்கு. 200 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 200 கன அடி காற்று) இன்லைன் ஃபேனைக் கீழ்த் துளையில் பொருத்தி, காற்று போகும் குழாயான டக்ட்டை இரண்டு வளைவு வைத்து அதே அறைக்குள் விட்டிருக்கிறேன். வாசனையை உறிஞ்சும் கார்பன் ஃபில்டரும் உண்டு. விளக்கும் ஃபேனும் ஒரே டைமரில் ஓடுகின்றன. பகலில் 34 டிகிரி. காலையில் சுவரெல்லாம் நீர்த்துளி. பூக்கள் உதிர்கின்றன. இன்னும் பெரிய ஃபேன் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கணக்குப் பார்த்தால் உங்கள் ஃபேனே போதும். டென்ட்டின் கொள்ளளவு 104 கன அடி. ஃபில்டரும் வளைவுகளும் சேர்ந்து ஃபேனின் திறனில் பாதியை விழுங்கினாலும், நிமிடத்துக்கு ஒரு முறை டென்ட்டில் உள்ள காற்று முழுவதும் மாறும். குறை காற்று போகும் வழியில்தான் இருக்கிறது.

சூடான காற்று மேலே போய் விளக்கைச் சுற்றித் தேங்கும். நீங்களோ அடியில் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். ஃபேனையும் ஃபில்டரையும் டென்ட்டின் உச்சிக்குக் கொண்டுபோங்கள். ஃபில்டர் முதலில், அடுத்து ஃபேன், அப்புறம் டக்ட். ஃபேன் உடம்பில் இருக்கும் அம்புக்குறி டக்ட்டை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு ஃபேனைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். இரண்டையும் தனித்தனிப் பட்டையில் மேல் கம்பிகளில் தொங்கவிடுங்கள், அதிர்வும் சத்தமும் குறையும். டக்ட்டை இழுத்து நேராக்கி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். சுருங்கிக் கிடக்கும் டக்ட்டின் மடிப்புகளே காற்றைத் தடுக்கும்.

காற்று உள்ளே வர, ஃபேனுக்கு எதிர் மூலையில் கீழே இருக்கும் வலைத் திறப்பைத் திறந்து வையுங்கள். அதன் பரப்பு, காற்று வெளியேறும் துளையைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். பூச்சி வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும் என்பதால் அதையும் சேர்த்துப் பெரிதாகவே விடுங்கள். ஃபேன் ஓடும்போது டென்ட் சுவர் லேசாக உள்ளே ஒட்டினால் சரி. கம்பிகளை வளைக்கும் அளவுக்கு ஒட்டினால் கீழ்த் திறப்பு போதவில்லை. வெளியே உப்பினால் ஃபேன் திசை மாறியிருக்கிறது.

டக்ட்டின் மறுமுனையை ஜன்னல் வழியே வெளியே விட்டால்தான் பலன். அதே அறைக்குள் விட்டால் அறை சூடாகி, அந்தச் சூடே கீழ்த் திறப்பு வழியாகத் திரும்பி வரும். 240 வாட் விளக்கின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. உண்மையில் 100 சிஎஃப்எம் காற்று ஓடினால், டென்ட் அறையைவிட 4 டிகிரி போலச் சூடாக இருக்கும். 50 தான் ஓடினால் 8 டிகிரி. அறையே 32 டிகிரி என்றால் எந்த ஃபேனும் டென்ட்டை 28-க்குக் கொண்டுவராது. அப்போது விளக்கை இரவில் எரியவிட்டுப் பகலை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். செடிக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இருட்டு நேரத்தைத்தான் நீங்கள் கோட்டை விட்டிருக்கிறீர்கள். விளக்கு அணைந்ததும் காற்று குளிரும், ஈரப்பதம் எகிறும். 28 டிகிரியில் 60 சதவீதமாக இருந்தது, அதே காற்று 20 டிகிரிக்கு இறங்கினால் 95 சதவீதத்தைத் தாண்டிவிடும். தொட்டியும் இலையும் விடும் ஈரம் இதற்கு மேல். சரியாக அந்த நேரத்தில் உங்கள் டைமர் ஃபேனை நிறுத்துகிறது! செடியை அழுகவைக்கும் சாம்பல் பூஞ்சணத்துக்கு இதைவிட வசதி வேண்டாம். ஃபேனை டைமரிலிருந்து பிரித்து, ஸ்பீடு கன்ட்ரோலர் வைத்துக் குறைந்த வேகத்திலாவது நாள் முழுக்க ஓடவிடுங்கள். தண்ணீரை விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் ஊற்றுங்கள்.

பூ உதிர்வதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த 34 டிகிரியை. 32-க்கு மேல் போனால் குடைமிளகாய் பூவைப் பிடித்து வைப்பதில்லை. ஈரம் அதிகமானால் மகரந்தமும் ஒட்டிக்கொண்டு உதிராது. ஒரு சிறிய கிளிப் ஃபேனை, செடிகளின் தலைக்குச் சற்று மேலே காற்று போகும்படி மாட்டுங்கள். இலை மெல்ல அசைந்தால் போதும். நேராக ஒரே செடி மேல் அடித்தால் இலை ஓரம் சுருண்டு காயும்.

வெப்பமானி, ஈரப்பதமானியைச் செடியின் உச்சி உயரத்தில், விளக்கொளி நேராகப் படாமல் தொங்கவிடுங்கள். ஒளி பட்டால் தவறான எண் காட்டும். மாற்றியமைத்து ஒரு வாரம் பகல், இரவு அளவுகளைக் குறித்துவையுங்கள். அறை குளிர்ந்திருந்தும் பகலில் 30-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். குடைமிளகாய்க்கு வாசனையை மறைக்க வேண்டிய அவசியம் என்ன?