கண்ணுக்குத் தெரிகிற வரி பைத்தானுக்குத் தெரியவில்லையா? சில கேள்விகள், பதில்கள்

பைத்தான் நிரல்மொழியில், பெயர்ப் பட்டியல் ஒன்றை டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து வரி வரியாகப் படிக்கிறேன். "கவிதா" என்ற வரி ஃபைலில் இருக்கிறது. இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் பொருந்தவில்லை. கடைசி வரியில் உள்ள பெயர் மட்டும் பொருந்துகிறது. ஏன்?

கடைசி வரி பொருந்துகிறது என்று சொன்னீர்களே, அதுதான் துப்பு. பைத்தான் ஒவ்வொரு வரியையும் அதன் முடிவில் உள்ள நியூலைனோடு, அதாவது வரி முடிந்தது என்று காட்டும் குறியோடு, சேர்த்தே கொடுக்கும். கடைசிப் பெயருக்குப் பின் நீங்கள் என்டர் தட்டவில்லை, அதனால் அது மட்டும் தப்பித்தது. ஒப்பிடும் முன் ஸ்ட்ரிப் போடுங்கள், அது வரியின் இரு முனைகளிலும் உள்ள இடைவெளி, நியூலைன்களை நீக்கும், சரியாகிவிடும். வரியின் தொடக்கத்தில் உள்ள இடைவெளி உங்களுக்கு முக்கியம் என்றால், வலது முனையில் மட்டும் நீக்கும் ஆர்ஸ்ட்ரிப்.

இனிமேல் சந்தேகம் வந்தால் வரியை வெறுமனே பிரின்ட் செய்யாமல் ரெப்ர் ஃபங்ஷனுக்குள் போட்டுப் பிரின்ட் செய்து பாருங்கள். நியூலைன், டேப் எல்லாம் பின்சாய்வுக்கோட்டோடு வெளியே வந்து நிற்கும். எனக்கு வரும் "பொருந்தவில்லை" புகார்களில் பலவற்றுக்கு இந்த ஒரு வரியே விடை சொல்லிவிடும்.

இரண்டு ஃபைல்களிலும் உள்ள பொதுவான பெயர்கள் வேண்டும். ஒரு ஃபார் லூப்புக்குள் இன்னொரு ஃபார் லூப் போட்டேன். முதல் பெயரை மட்டும் தேடிவிட்டு நின்றுவிடுகிறது.

உள் லூப் முதல் சுற்றிலேயே இரண்டாவது ஃபைலைக் கடைசிவரை படித்து முடித்துவிட்டது. அடுத்த சுற்றில் படிக்க எதுவும் மிச்சமில்லை. சீக் போட்டுப் பூஜ்ஜியத்துக்கு, அதாவது ஃபைலின் தொடக்கத்துக்கு, திரும்பலாம், ஓடும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். ஃபைலுக்குப் பத்தாயிரம் வரி என்றால் மொத்தம் 10 கோடி ஒப்பீடு ஆகும். இரண்டாவது ஃபைலை ஒரே முறை படித்து, ஸ்ட்ரிப் செய்து, ஒரு செட்டில் போட்டுவிடுங்கள். பிறகு முதல் ஃபைலின் ஒவ்வொரு வரியும் அந்தச் செட்டில் இருக்கிறதா என்று இன் போட்டுக் கேட்டால் போதும். வரிசையும் மாறாது.

ரீட்லைன்ஸ் நல்லதா, நேரடியாக ஃபார் லூப்பா?

ஃபார் லூப். ரீட்லைன்ஸ் முழு ஃபைலையும் மெமரிக்குள் இழுத்துவிடும்.

ஸ்ட்ரிப் போட்டும் முதல் வரி மட்டும் பொருந்த மறுக்கிறது. எக்செலில் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று சேமித்த ஃபைல்.

எக்செல் அந்த வகையில் சேமிக்கும்போது ஃபைலின் தலையில் பாம் என்கிற கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றை வைத்துவிடும். ஸ்ட்ரிப் அதை வெற்றிடமாகக் கருதாது, அதனால் நீக்காது. ஓப்பன் செய்யும்போது என்கோடிங்கை, அதாவது எழுத்துகள் ஃபைலில் சேமிக்கப்படும் முறையை, "யூடிஎஃப்-8-சிக்" என்று கொடுங்கள். பாம் இல்லாத ஃபைலையும் அது ஒழுங்காகப் படிக்கும். எப்படியும் என்கோடிங்கைக் குறிப்பிடாமல் ஃபைல் திறக்காதீர்கள், விண்டோஸில் தமிழ் எழுத்துகள் கந்தலாவது பெரும்பாலும் அதனால்தான்.

ஃபைலில் "கோவை" என்று தேடினால் சில வரிகள் கிடைக்கின்றன, சில விட்டுப்போகின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

நல்ல கேள்வி. யூனிகோடில் "கோ"வை இரண்டு விதமாக எழுத முடியும். க-வுக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். இல்லையென்றால் ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு, அப்புறம் கால் என்று இரண்டு குறியீடுகளாகப் போடலாம். முதல் வகைக் "கோவை"யின் நீளம் 4, இரண்டாவதன் நீளம் 5. நீளத்தைச் சொல்லும் லென் போட்டுப் பாருங்கள். ரெப்ர் இங்கே உதவாது, தமிழ் எழுத்தை அது அப்படியே காட்டிவிடும். ஆஸ்கி ஃபங்ஷன்தான் உள்ளே இருக்கும் குறியீட்டு எண்களைக் காட்டும்.

தீர்வு, யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ். தேடும் சொல், படிக்கும் வரி இரண்டையும் "என்எஃப்சி" என்ற, குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பயனில்லை.

ஔகாரம் மட்டும் வம்பு. "கௌரி"யைப் பலர் கெ, அதன் பின் ள என்ற உயிர்மெய் என்று தட்டுகிறார்கள். அது வேறு எழுத்து என்பதால் நார்மலைஸ் அதைத் தொடாது. ரீப்ளேஸ் போட்டு மொத்தமாக மாற்றலாமே என்று தோன்றும். மாற்றினால் கெளுத்தி மீன் பாழாகிவிடும். கௌரி, கௌதமன் என்று உங்கள் ஃபைலில் வரும் சொற்களை மட்டும் பட்டியல் போட்டு மாற்றுவதே மேல்.

ரெகெக்ஸில் (வடிவம் கொடுத்துத் தேடும் முறை) சொற்களைப் பிடிக்கப் பின்சாய்வுக்கோடு டபிள்யூ, பிளஸ் போட்டால் "தமிழ்" என்ற சொல் "தம", "ழ" என்று இரண்டு துண்டாக வருகிறது.

பைத்தானோடு வரும் ஆர்ஈ மாட்யூலுக்கு உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்துக் கணக்கில் சேராது. அந்தக் குறி வரும் இடமெல்லாம் சொல் முடிந்தது என்று வெட்டிவிடும். தமிழுக்கான யூனிகோட் வரம்பான 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையை சதுர அடைப்புக்குள் கொடுத்துத் தேடுங்கள். சொற்களைப் பிரிப்பது மட்டும்தான் வேலை என்றால் ரெகெக்ஸே வேண்டாம், ஸ்பிளிட் போதும்.

வரிசை எண் 12 உள்ள வரியை இன் போட்டுக் கேட்டால் 112, 1250 எல்லாம் வருகிறது.

இன் என்பது உள்ளே எங்காவது இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். வரியைக் காற்புள்ளியில் ஸ்பிளிட் செய்து, எண் இருக்கும் துண்டை எடுத்து ஸ்ட்ரிப் செய்துவிட்டு, அதை மட்டும் ஒப்பிடுங்கள்.