வீட்டில் ஒலிப்பதிவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வள்ளி கும்மிப் பாடல்களை என் மாமியார் நன்றாகப் பாடுவார். அவற்றை வீட்டு லேப்டாப்பிலேயே பதிவு செய்து வைக்க விரும்புகிறோம். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே விசைத்தறிக்கூடம் இருக்கிறது. கண்டென்சர் மைக்தான் ஸ்டுடியோ தரம் தரும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, சோமனூர்

பதில்: வேண்டாம். கண்டென்சர் மைக் நுட்பமானது என்பது உண்மைதான். ஆனால் அந்த நுட்பத்துக்கு அமைதியான அறை வேண்டும். உங்களுக்கு ஷூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக் பொருந்தும். 1966இல் வெளிவந்து இன்றும் மேடைகளில் புழங்கும் அந்த மைக்குக்கு, கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே தர வேண்டிய 48 வோல்ட் மின்சாரமான ஃபேன்டம் பவரும் தேவையில்லை. டைனமிக் மைக் தறிச் சத்தத்தைத் தானாகவே வடிகட்டிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். வாயருகே வைத்துப் பாடினாலும் ஒலி எளிதில் சிதையாது என்பதே அதன் பலம். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. அறை முழுவதும் பரவியிருக்கும் தறிச் சத்தமோ அதே அளவில்தான் நிற்கிறது. ஆகவே நான்கு விரற்கடை தூரத்தில், உதட்டுக்கு நேராக அல்லாமல் சற்றே சாய்வாக மைக்கை நிறுத்துங்கள். இவ்வகை மைக் பின்புற ஒலியைக் குறைவாகவே வாங்கும் என்பதால், மாமியாரைத் தறிச் சுவரைப் பார்த்தபடி உட்கார வைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் பவானி ஜமுக்காளம் ஒன்றை மடித்துத் தொங்கவிடுங்கள். அது அறையின் எதிரொலியை ஓரளவு அடக்கும். தறிச் சத்தத்தைத் தடுக்காது.

லேப்டாப்பின் மைக் துளையில் இதைச் செருகாமல், யுஎஸ்பி மின்சாரத்திலேயே இயங்கும், ஒரு மைக்குக்கான ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வாங்குங்கள். டைனமிக் மைக் தரும் மின் சிக்னல் மிகச் சிறியது என்பதால், 55 டெசிபலுக்குக் குறையாத கெயின் (சிக்னலைப் பெருக்கும் திறன்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது முக்கியம். காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஒன்றும் போதும். பதிவு செய்ய உதவும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். அதில் பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, உச்சக் குரல் திரையின் ஒலி அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி பதிவு செய்யுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளில் தறிகளும் ஓடா. உங்கள் லேப்டாப்போ பேட்டரியில் ஓடும். எந்தக் கருவியும் அந்தப் பகலுக்கு ஈடாகாது.

கேள்வி: பாடும்போது என் குரலே ஹெட்போனில் தாமதமாகக் கேட்டுத் தாளம் தப்புகிறது. புதிய கணினி வாங்க வேண்டுமா?
– கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தேவையில்லை. மென்பொருளின் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலித்துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கையைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் அந்த ஒரு கட்டத்திலேயே 21 மில்லிசெகண்ட் போய்விடும். 128 என்று குறைத்தால் 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏசியோ (ASIO) டிரைவரை, அதாவது தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருளை, நிறுவுங்கள். பதிவு முடிந்து ஒலிகளைக் கலந்து மிக்சிங் செய்யும்போது பஃபரை மறுபடி உயர்த்திக்கொள்ளலாம். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால், குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேரே காதுக்கு வரும்.

கேள்வி: பதிவு முழுவதும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கிறது. மைக்கை மாற்றலாமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: முதலில் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். இரைச்சல் நின்றால் மைக்கில் குறையில்லை. வீட்டு வயரிங்கின் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகும் குறுக்குவழி உயிருக்கே ஆபத்து.